தொண்ணூற்றைந்துக்குக் கீழே

நான் எழுதிய பொய் எண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பிறந்த குழந்தைகளின் உடல்சூட்டைக் குறிக்கும் அட்டையில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு டிகிரி என்றுதான் இருக்கும். பல குழந்தைகளுக்கு அது பொய். இந்த வயதிலும் அதை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மீது.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியைக் கட்டி, நேரே குழாயடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்ட வேண்டும். மார்கழியானாலும் சரி, ஐப்பசி மழையானாலும் சரி. குழாய்க்கு எதிரே இருந்த ஜன்னல் சரியாக மூடாது. வெந்நீர் கேட்டால், "அடுப்பு பத்த வைக்க ஆள் எங்கே?" என்பார் ஹெட் நர்ஸ். கொழுகொழுவென்று பிறந்தவை கத்தித் தீர்த்துப் பிழைத்துக்கொண்டன. எடை குறைந்த குழந்தை கத்தாது. கன்னம் சிவந்து பேசாமல் கிடக்கும். "எவ்வளவு சமத்து பாருங்க" என்று தாயிடம் சொல்வோம். அந்தச் சமத்துக் குழந்தைகள்தான் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போய்விடும். காரணம் 'பலவீனம்' என்று எழுதுவோம்.

ஒரு மார்கழிக் காலையில் முசிறிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாழை பயிரிடும் குடும்பம். அவள் முன்பே இரண்டைப் பறிகொடுத்தவள். குழந்தை நாலு பவுண்டுகூட இல்லை. குளிப்பாட்டிய பிறகு அதன் காலைத் தொட்டேன். பானைத் தண்ணீரில் கை வைத்ததுபோல் இருந்தது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பிடித்தேன். பாதரசம் ஏறவே இல்லை. அது ஜுரம் பார்க்கச் செய்த கருவி. தொண்ணூற்றைந்துக்குக் கீழே அதில் கோடே கிடையாது.

ஹெட் நர்ஸிடம் காட்டினேன்.

"கெட்டுப்போயிருக்கும். தொண்ணூத்தேழுன்னு எழுது."

"குழந்தை சில்லுன்னு இருக்கு, சிஸ்டர்."

"ஜுரம் இல்லேன்னா நல்லதுதானே? எழுதுடி."

எழுதினேன். மறுநாள் மதியம் குழந்தை இறந்தது. அந்தப் பெண்ணுக்கு எண் படிக்கத் தெரியும். கட்டிலில் தொங்கிய அட்டையைக் காட்டி, "நல்லாத்தானே இருக்குன்னு எழுதியிருந்தீங்க நர்ஸம்மா? அப்புறம் எப்படிங்க?" என்று கேட்டாள்.

அன்று ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பல்லைக் கடித்தபடியே வந்தேன். என் கணவர் ஒரு கல்லூரியின் ரசாயன லேபில் வேலை பார்த்தார். "பூஜ்யத்துலேருந்து காட்டுற தெர்மாமீட்டர் ஒண்ணு எனக்கு வேணும்" என்றேன். அவர் புரொபஸரிடம் சொல்லி வாங்கிவந்தார். சென்டிகிரேடை நாங்கள் எழுதும் ஃபாரன்ஹீட் கணக்குக்கு மாற்றவும் சொல்லிக்கொடுத்தார்.

அன்று முதல் தனியாக ஒரு நோட்டு வைத்தேன். குளிப்பாட்டுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. ஒரு சின்ன ஆண் குழந்தைக்குக் குளித்த பின் முப்பத்தொன்று. அதாவது எண்பத்தெட்டுக்கும் கீழே. ஹெட் நர்ஸ் இல்லாத நேரங்களில் பிறந்த குழந்தைகளை நான் குளிப்பாட்டவில்லை. துடைத்து, துணியில் சுற்றி, தாயின் மார்போடு சேர்த்துப் போட்டேன். அவை சூடாகவே இருந்தன. அழுதன, பால் குடித்தன.

நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன்.

"உங்களை யாரும்மா ஆராய்ச்சி பண்ணச் சொன்னது?"

"நீங்களே ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க, டாக்டர்."

வந்தார். அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தையின் வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. பிறகு என்னை ஓரமாக அழைத்து, "இதை எழுதினா, பழைய சீட்டெல்லாம் நார்மல்னு இருக்கே, அது என்னன்னு கேப்பாங்க. நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். தெரியாமல் செய்பவர்களை மன்னிக்கலாம். அவருக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. குழாயடியில் எதுவும் மாறவில்லை.

அடுத்த வருஷம், பிறந்த வாரத்திலேயே இறக்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய மதராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கட்டுக்கட்டாக அட்டைகளைப் படித்தார். மூன்றாம் நாள், "இது வெயில் ஊர். இங்கே குளிர் ஒரு காரணமே இல்லை. எல்லாச் சீட்டும் நார்மலா இருக்கு" என்றார்.

நோட்டை அவர் மேஜையில் போட்டேன். நோட்டையும் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க. நாளைக்குக் காலையில குழாயடிக்கு வாங்க."

வந்தார். அன்று பிறந்த சின்னக் குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டித் தூக்கியதும், தானே தெர்மாமீட்டரை வைத்தார். எண்ணைப் பார்த்தார். நம்பாமல் மறுபடி வைத்தார். பிறகு தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தன் புடவைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இத்தனை நாளா?" என்றார். "இத்தனை நாளாத்தான்" என்றேன். அந்தக் குழந்தை பிழைத்தது.

அவர் எழுதி அனுப்பிய பிறகுதான் உத்தரவு வந்தது. எடை குறைந்த குழந்தைகளைக் குளிப்பாட்டக் கூடாது. ஜன்னலும் சரியாயிற்று. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முசிறிக்காரியிடம் யார் போய்ச் சொல்வது?

சில மாதம் கழித்து, பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒரு குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார்கள். ஹெட் நர்ஸ் ஓடிவந்து திட்டினார். "சின்னக் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாதுன்னு இதுகூடத் தெரியாதா? குழந்தை சில்லிட்டுப் போயிடாது?"

என்னால் பொறுக்க முடியவில்லை.

"தெரியாதும்மா" என்று அந்தப் பெண்களிடம் கத்தினேன். "எனக்கும் தெரியல, இவங்களுக்கும் தெரியல. தெரிஞ்ச பிறகும் பெரிய டாக்டர் வாயைத் திறக்கல. எத்தனை குழந்தைங்க போச்சுன்னு இவங்களையே கேளுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. ஹெட் நர்ஸ் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த வாரம், மேலதிகாரியை மரியாதையில்லாமல் பேசியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் பதில் எழுதவில்லை. பணி ஓய்வு பெறும்வரை எழுதவில்லை.