வயிற்றெரிச்சலோடு குவாங்சோவில் ஐந்து நாள்

நான் சீனா போனதற்குக் காரணம் கல்பனா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாகக் கம்பெனியில் இருவருக்கும் தரப் பரிசோதனை வேலை. எனக்குப் பதினோரு வருட அனுபவம், அவளுக்கு நான்கு. போன வருடம் குவாங்சோவில் எட்டு நாள் பயிற்சிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததை நான் பக்கத்து மெஷின்காரரிடம் தள்ளிவிட்டேன். "சீனா எப்டிக்கா" என்று யார் கேட்டாலும் "நல்லா இருந்துச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதையும் திமிர் என்றுதான் எண்ணினேன்.

நவம்பரில் விடுப்பு போட்டேன். மோட்டார் ரிப்பேர் பார்க்கும் என் கணவர் தயாளனுக்குப் புரியவில்லை.

"அவ கம்பெனி காசுல போனா. நாம இன்னாத்துக்குப் போறோம்?"

"பாக்கத்தான்" என்றேன்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கோலாலம்பூர் வழியாகப் போக, வர, ஒருவருக்கு 29,400 ரூபாய். நடுவே ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பகல் ஒன்றரைக்குக் குவாங்சோவில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் மெட்ரோவில் எட்டு யுவான். ஒரு யுவானுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை நாளுக்கு 160 யுவான். சுத்தமாக இருந்தது, ஜன்னல்தான் இல்லை.

முதலில் உறைத்தது சத்தமின்மை. அவ்வளவு பெரிய ஊரில் ஸ்கூட்டர் எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை தெரியாது, கவனமாக நடங்கள். அடுத்து மேம்பாலங்கள். இரண்டு பக்கமும் காகிதப்பூ பூத்துத் தொங்குகிறது. தயாளன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். "நம்ம பாலத்துல போஸ்டர்தான் பூக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே பார்க்கப் பார்க்க உள்ளே ஏதோ புகைந்தது.

இரண்டாம் நாள் காலை ஒரு மெட்ரோ நிலையத்தில் கழிப்பறைக்குப் போனேன். காசு கிடையாது, நாற்றம் கிடையாது, கதவில் தாழ்ப்பாள் இருந்தது. கை கழுவும்போது கண்ணாடியில் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் கவரைப்பேட்டையில் ஆறு மணி ஷிஃப்டுக்கு நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்கள், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதில்லை. நானும் பதினோரு வருடமாகக் குடித்ததில்லை. குவாங்சோ பெண்கள் கையில் தண்ணீர் பாட்டிலோடு, குடித்துக்கொண்டே நடக்கிறார்கள். உயரமான கட்டடங்களைவிட அந்தப் பாட்டில்கள்தான் என்னை அதிகம் எரித்தன.

மதியம் ஒரு சின்னக் கடையில் சோறும் தக்காளி முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம், தட்டு 18 யுவான். கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, செல்போன் மொழிபெயர்ப்பில் எங்கள் இருவருக்கும் சண்டையா என்று கேட்டார்.

தயாளன் போனை வாங்கித் தமிழிலேயே பேசினார். "சண்டலாம் இல்லம்மா. இவளுக்கு உங்க ஊரப் பாத்து வயித்தெரிச்சல்."

அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அந்த அம்மா பதறி உள்ளே ஓடினார். ஐந்து நிமிடத்தில் வெள்ளைக் கஞ்சி ஒரு கிண்ணம் வந்தது. வயிற்றைத் தடவிக் காட்டி, குடி குடி என்று சைகை செய்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சாயங்காலங்களில் ஆற்றுப் படகில் போங்கள். சுற்றுலாப் படகு வேண்டாம், ஊர்க்காரர்கள் அக்கரைக்குப் போகிற படகு போதும். இரண்டு யுவான்தான், இருபக்க விளக்குகளும் தெரியும்.

போகிறவர்களுக்கு: பணம் செலுத்தும் செயலியில் உங்கள் கார்டை இங்கேயே இணைத்துவிடுங்கள், அங்கே நோட்டை நீட்டினால் விழிக்கிறார்கள். இங்கே பழகிய பல செயலிகள் அங்கே திறக்காது, ரோமிங் போட்டுக்கொண்டு போனால் பேஜார் இல்லை. அறையின் முகவரியைச் சீன எழுத்தில் அச்சடித்துப் பையில் வையுங்கள். கழிப்பறைக்குக் காகிதம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இருவருக்கும் விசா உட்பட மொத்தம் 92,000 ஆனது.

ஊர் திரும்பியும் எரிச்சல் அடங்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தரச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு எழுதினேன். கேன்டீனில் வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்து கேட்டேன். கல்பனாவிடம் போக எனக்குக் கால் வரவில்லை. அவளே எழுந்து வந்தாள், நின்றபடி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"நானும் அங்க இதத்தான்கா பாத்துக்கினு நின்னேன்" என்றாள். "வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க அந்த சாக்லேட்டக் குடுத்துட்டத பாத்தேன். இன்னா சொன்னாலும் பீத்திக்கிறான்னுதான் நெனப்பீங்கனு வுட்டுட்டேன்."

ஒரு வருடம். நான் காதுகொடுத்திருந்தால் இந்த மனுவை அவள் அப்போதே எழுதியிருப்பாள். பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.