ஜெயம்மா போட்ட பூட்டு

போன வியாழக்கிழமை பந்த் என்று ஏதோ வதந்தி கிளம்பி, மகளின் பள்ளி வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் ஒரு மணி நேரம் போனை எடுக்கவில்லை. வந்து சேர்ந்தவள் சாவகாசமாக ஆங்கில நோட்டை விரித்து, "அம்மா, அப்ஸ்காண்ட்னா ஓடிப்போறதுதானே?" என்றாள். நான் அப்போதுதான் போனைக் கீழே வைத்திருந்தேன். அதற்கு மேல் இந்தச் சொல்லா!

அகராதியைப் பார்த்தோம். லத்தீனில் அதன் வேருக்கு ஒளித்து வைப்பது என்றுதான் பொருளாம். தப்பி ஓடுவதெல்லாம் பிறகு வந்து சேர்ந்ததாம். படித்ததும் ராகி மூட்டை வாசனை மூக்கில் ஏறியது. சிரிக்காதீர்கள், ராகி சாப்பிடச் சொல்லி டாக்டர் அலுத்துப்போய்விட்டார். எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

சின்ன வயதில் நாங்கள் இருந்த ஒக்கலிபுரத்தில் எங்களுக்கும் ஜெயம்மா வீட்டுக்கும் ஒரே சுவர். காவிரித் தகராறில் தமிழர்கள் மேல் ஊர் கொதித்த வாரம் எனக்குப் பத்து வயது. தெருமுனையில் புகை தெரிந்ததும், கன்னடக்காரரான ஜெயம்மா எங்கள் நாலு பேரையும் இழுத்துப்போய்த் தன் வீட்டு ராகி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தார். எங்கள் வாசலில் தன் பித்தளைப் பூட்டை மாட்டினார்.

"இல்லித்தவரு எல்லி?" இங்கே இருந்தவர்கள் எங்கே என்று வெளியே பல குரல்கள்.

"ஊரு பிட்டு ஹோதரு." ஊரை விட்டே போய்விட்டார்களாம். ஜெயம்மா குரலில் ஒரு பிசிறு இல்லை.

தம்பிக்குத் தும்மல் வந்தது. அம்மா அவன் முகத்தை மடியில் அழுத்தினாள். அவனுக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தேனா, அவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேனா, இன்றும் தெரியாது.

ஐந்து நாள். அப்பா தொழிற்சாலையில் தன் லேத் மெஷின் வேலைக்குப் போகத் துடித்தார். "சும்மா குந்துங்க அண்ணா. லேத்துக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்குத்தான் ஆகும்" என்றார் ஜெயம்மா.

இதற்கிடையில் தொழிற்சாலை ஆள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறாம் நாள் அப்பாவுக்கு மெமோ காத்திருந்தது: அப்ஸ்காண்ட் ஆனவருக்கு இனி வேலை இல்லை. "ஓடலை சார், பக்கத்து வீட்லதான் இருந்தேன்" என்றாராம். யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜெயம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். பூட்டை மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"இது நம்ம பூட்டு சார். சாவி நம்ம இடுப்புல. அவர் எங்க ஓடினார்? நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

மேனேஜர் சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தார். பிறகு மெமோவைக் கிழித்தார்.

"ஒளித்து வைப்பதுன்னே எழுதுடி" என்றேன் மகளிடம்.

"மிஸ் தப்பு போடுவாங்கம்மா" என்று ஓடிப்போவது என்றே எழுதினாள்.

இப்போது அந்த வரிசை வீடுகளும் இல்லை, ஜெயம்மாவும் இல்லை. நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. கதவு எங்கள் கட்டைவிரலுக்கு மட்டும்தான் திறக்கும். மகள் எழுதிக்கொண்டிருக்கும்போது போய் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பூட்டு மாட்ட நினைத்தாலும் அதில் வளையம் இல்லை.