அபிதா டீச்சரின் ரிவர்ஸ் கியர்

அஸ்தினாபுரத்தில் அபிதா டீச்சரின் காரில் ஏறிய யாரும், வேகமானியின் முள் நாற்பத்தைந்தைத் தாண்டிப் பார்த்ததில்லை. பந்தய வண்டிக்காரர்கள் விரும்பி மாட்டும் குட்டைக் கியர் லிவர் ஒன்றை அவர் ஆன்லைனில் தருவித்திருக்கிறார் என்ற செய்தி பரவியபோது, தெரு அதை நம்ப மறுத்தது.

முழுப்பெயர் அபிதகுஜாம்பாள். பெரும்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. திருவண்ணாமலை அம்மன் பெயர் கொண்ட இவரும், அரங்கனின் பெயர் கொண்ட கஸ்தூரிரங்கனும் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் இரு வீட்டிலும் கவலைப்பட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் சைவ வைணவச் சண்டை ஒருநாளும் நடந்ததில்லை. நடந்த சண்டையெல்லாம் காரைப் பற்றித்தான்.

கஸ்தூரிரங்கனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கார் எத்தனை விதமாக நசுங்கலாம் என்பதை வேலை நாளெல்லாம் படித்து ஒப்பமிட்டவர். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். வண்டி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விட மாட்டார்.

டீச்சருக்கு இடது தோள் இறுகிவிட்டது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். இரண்டாவது கியருக்கும் நான்காவது கியருக்கும் லிவரைப் பின்னால் இழுக்க வேண்டும். கை அவ்வளவு தூரம் போக மறுத்தது.

"ஆட்டோமேட்டிக் வாங்கிடலாமே," என்றார் கஸ்தூரிரங்கன்.

"அதுல எனக்கு என்ன வேலை? அதை நீங்களே ஓட்டிடுவேள்."

"இல்லேன்னா கால் டாக்ஸி. நிம்மதியா பின்னாடி உக்காந்துண்டு போகலாம்."

நிம்மதி என்ற சொல் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்குப் போய்வரும் நேரம் ஒன்றில்தான் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தை இன்னொருவர் ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து கழிப்பதாவது.

நெம்புகோலில் தூரத்தைக் குறைத்தால் பலத்தைக் கூட்டித் தர வேண்டும், இயற்கை எதையும் சும்மா தராது என்று பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் சொல்லிவருபவர் அவர். யோசித்தார். தன் கையில் பலத்துக்குக் குறைவில்லை, தூரம்தான் இல்லை. எனவே குட்டை லிவர். பெங்களூரில் இருக்கும் மகன் பத்ரி போனில் சொன்னான்: "அம்மா, அது ரேஸ்காரா போடறது."

"அவாளுக்கும் தோள்பட்டை வலி இருக்கும்போலிருக்கு," என்றார் டீச்சர்.

வண்டிக்குப் பதினைந்து வயது நிறைகிற நேரம் அது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்ட வேண்டும். கணவனும் மனைவியும் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: சோதனையில் தேறினால் வண்டியும் டீச்சரும் அப்படியே இருப்பது, தேறாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு டீச்சர் டாக்ஸியின் பின் இருக்கைக்கு மாறுவது. கேட்டவுடன் கஸ்தூரிரங்கன் ஒப்புக்கொண்டதிலேயே டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

பொழிச்சலூரில் மோகன்ராஜின் ஷெட். பெட்டியைப் பிரித்துப் பார்த்த மோகன்ராஜ், "இன்னா மேடம், ரேஸுக்குப் போறீங்களா?" என்றான்.

"மேடவாக்கத்துக்குப் போறேன்."

"அதுவும் ரேஸுதான்."

டீச்சர் வழக்கம்போல வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்தினார். பழைய லிவர் வெளியே வந்தது, புதியது உள்ளே போனது. திரும்பும் வழியெல்லாம் கியர்கள் சொன்னபடி கேட்டன. கை ஒரு சாண்கூட நகர வேண்டியிருக்கவில்லை. தோள் ஒரு முறையும் முனகவில்லை.

மறுநாள் காலை ரிவர்ஸ் விழவில்லை.

அந்த வண்டியில் ரிவர்ஸ் போட வேண்டுமானால் லிவரை முதலில் கீழே அழுத்தி, பிறகு இடப்பக்கம் தள்ள வேண்டும். லிவர் கீழே இறங்கவே மாட்டேனென்றது. டீச்சரின் வீடு முட்டுத்தெருவின் கடைசி வீடு. அங்கிருந்து பின்னால் வராமல் உலகத்துக்கு வழி இல்லை.

எதிர்வீட்டு சவுரிமுத்து, ரயில்வேயில் கொடிகாட்டிப் பெட்டிகளை நகர்த்தி நிறுத்தும் ஷண்டிங் மாஸ்டராக இருந்தவர். காலை நடைக்குக் கிளம்பிய தன் கோஷ்டியை நிறுத்தினார். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் முன்பக்கம் கைவைத்தார்கள். சவுரிமுத்து கைக்குட்டையைக் கொடியாக்கிப் பின்னால் நின்றார்.

"ஸ்டியரிங்க நேரா வைங்க டீச்சர்! வரட்டும்... வரட்டும்... ஹோல்டு!"

"உங்களுக்கெல்லாம் சிரமம்," என்றார் டீச்சர்.

"இதுல என்னம்மா சிரமம். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஒரு வண்டி நான் சொன்ன இடத்துல நின்னிருக்கு."

அன்றிலிருந்து இது தினப்படி ஆயிற்று. டீச்சர் பள்ளியில் ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் வெளியேறினார். காய்கறிக் கடையில் வண்டியை நிறுத்தும் முன் எப்படி முன்னாலேயே வெளியேறுவது என்று கணக்குப் போட்டார். பின்னால் திரும்ப முடியாதவர்களுக்கு உலகம் எவ்வளவு குறுகலானது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு மாலை கஸ்தூரிரங்கன், பழைய கார் வாங்குகிற யாரோ ஒருவரிடம் போனில் நிறம் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி மறுபடியும் ஷெட்டுக்குப் போனது. மோகன்ராஜ் லிவரடியின் தோல் உறையைக் கழற்றி, உள்ளே குடைந்து, லிவரை அழுத்தினான். ரிவர்ஸ் விழுந்தது.

"பாருங்க மேடம், சோக்கா விழுது."

உறையை மாட்டி மூடினான். டீச்சர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். விழவில்லை. திறந்தான், விழுந்தது. மூடினான், விழவில்லை. பத்ரி போனில் கேபிளைச் சரிசெய்யச் சொன்னான், செய்தார்கள். மோகன்ராஜ் லிவரடி ரப்பர் புஷ்ஷைச் சந்தேகித்தான், மாற்றினான். உறைக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சை அறுத்து எறிந்தான். ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் நோயாளி திறந்திருந்தால் எழுந்து உட்கார்ந்தது, மூடினால் படுத்துக்கொண்டது.

"வண்டிக்கு இன்னாவோ கூச்சம் மேடம். தொறந்தா பேசுது, மூடினா கம்முனு கீது. எனக்கே பேஜாரா கீது. கியர் பாக்ஸையே எறக்கிடலாமா?"

சோதனைக்கு முதல் நாள் அது. கியர் பாக்ஸை இறக்கினால் மறுநாள் வண்டி போக முடியாது. போகாவிட்டால் தோற்றதாகத்தான் கணக்கு. டீச்சர் விடைத்தாள்களை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆய்வகத்தில் பிள்ளைகளை விரட்டுகிறவர், இத்தனை நாள் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"ஒவ்வொண்ணா மாட்டுங்க. ஒண்ணு மாட்டினதும் நான் போட்டுப் பாப்பேன்."

மோகன்ராஜ் அடித்தகட்டை முடுக்கினான். ரிவர்ஸ் விழுந்தது. புஷ் மூடியைப் பொருத்தினான். விழுந்தது. பிறகு டேஷ்போர்டின் மேல், துவைத்த துணியில் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை எடுத்தான். செப்புத் தாயத்து கோத்த கறுப்புக் கயிறு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கயிறுகள் சேர்ந்து கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. கண்களில் ஒற்றிக்கொண்டு, லிவரின் அடியில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான்.

டீச்சர் லிவரை அழுத்தினார். இறங்கவில்லை.

"அது என்ன?"

"எது மேடம்?"

"இப்ப கட்டினீங்களே."

"அது பார்ட்டு இல்ல மேடம். சாமி கயிறு. உங்களுதுதான், பழைய லிவர்ல இருந்திச்சு. அவுத்து வெச்சு கட்டிக் குடுத்தேன்."

"ஒவ்வொரு தடவையும் அவுத்து, ஒவ்வொரு தடவையும் கட்டினீங்களா?"

"பின்ன? அத்த கீழ போட முடியுமா? மத்தது எல்லாத்துலயும் கை வெப்பேன் மேடம். சாமி விஷயத்துல வெக்க மாட்டேன்."

பழைய லிவர் நெடியது. அதன் அடியில் கயிற்றுக்கு இடமிருந்தது. புதியதன் அடியில் ஒரு விரல் இடைவெளிதான். அதில் கயிறு குடியிருந்தது. அத்தனை பாகங்களையும் சந்தேகித்தவர்கள் கயிற்றை மட்டும் சந்தேகிக்கவில்லை, அது பாகமில்லை என்பதால்.

"நான் கட்டலையே," என்றார் டீச்சர்.

மோகன்ராஜ் யோசித்தான். "அப்ப சாரு."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் கயிற்றை மேஜைமேல் வைத்தார். கஸ்தூரிரங்கன் அதைப் பார்த்தார். பேப்பரை மடித்தார்.

"எப்ப கட்டினேள்?"

"நீ தனியா ஓட்டிண்டு போன முதல் நாள். நங்கநல்லூர் ஆஞ்சநேயர்கிட்ட வெச்சு வாங்கினது. வருஷா வருஷம் உறையைத் தூக்கி, பழசு மேலயே புதுசு கட்டினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பே. ஃபிசிக்ஸ் டீச்சர்."

"இதனாலதான் இத்தனை நாளா ரிவர்ஸ் விழல."

கஸ்தூரிரங்கன் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போயிற்று. வண்டியை விற்கும் விஷயத்தில் அனுமார் யார் பக்கம் இருந்தார் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். "பதினஞ்சு வருஷமா ஒரு கீறல் விழலியே," என்று மட்டும் சொன்னார்.

"ஏன்னா, ஓட்டினது யாரு?"

அவர் மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். "நீதான் பாலிசி. இது அடிஷனல் கவர்னு வெச்சுக்கோயேன்," என்றார். பிறகு, தோற்ற கட்சிக்காரருக்கே வரும் ரோஷத்தோடு, "நாளைக்குக் காலைல ராகு காலம்னு ஸ்லாட்டையே மத்தியானத்துக்கு மாத்தினவ நீ. என்னைச் சொல்றே," என்றார்.

"ராகு காலம் கியருக்கு அடியில வந்து உக்காரலையே."

டீச்சர் அதற்கு மேல் வெற்றியை நீட்டிக்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். தூக்கி எறியவில்லை, குப்பைத் தொட்டிப் பக்கம் ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினார் என்று, மாடியிலிருந்து பார்த்த சவுரிமுத்து பிற்பாடு சொன்னார். பக்கத்து இருக்கைக்கு மேலே, கஸ்தூரிரங்கன் எப்போதும் தொங்கும் கைப்பிடியில் அதைக் கட்டினார்.

மறுநாள் மத்தியானம், கஸ்தூரிரங்கன் சுவரோரம் நிற்க, அதிகாரி விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு, "பின்னாடி வாங்க," என்றார். டீச்சர் லிவரை அழுத்தித் தள்ளினார். வண்டி பின்னால் வந்தது. அதிகாரி ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"என்னம்மா, கியர் இவ்ளோ குட்டையா இருக்கு?"

"ஷோல்டர் சார். கை பின்னாடி போகாது."

அதிகாரி தன் இடது கையைத் தூக்கப் பார்த்தார். அது பாதியில் நின்றது. "இது எங்க போட்டீங்க?" என்றார்.

படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டு, பொழிச்சலூர் முகவரியையும் அவர் குறித்துக்கொண்டார். கஸ்தூரிரங்கன் கைப்பிடியைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். பழைய கார் வாங்குகிறவரிடமிருந்து வழியில் போன் வந்தது. "ராங் நம்பர்," என்றார்.

அடுத்த நாள் காலை நடைக் கோஷ்டி தெருமுட்டில் கூடி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றது. டீச்சர் ரிவர்ஸைப் போட்டார். வண்டி தானாகவே நகரத் தொடங்கியது. வைக்க இடமில்லாத கைகளோடு பெரியவர்கள் ஒதுங்கினார்கள். யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்று நின்றுபோன மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

சவுரிமுத்து மட்டும் கைக்குட்டையோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். "வரட்டும்... வரட்டும்..." என்று பின்வாங்கிக்கொண்டே போனார். தெருமுனையில் கையை உயர்த்தினார்.

"ஹோல்டு!"

அங்கே நிறுத்த ஒரு காரணமும் இல்லை. டீச்சர் நிறுத்தினார்.