மாவிளக்குக்குப் படுக்க முடியாத வயிறு

2006 ஆடி மாதம். தீபாவளி சீசன் வேலை. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தேன். என் வயிறு நிறைமாதக்காரியின் வயிறு போல வீங்கிவிட்டது. காலும் வீங்கியது. பட்டாசு மருந்துத் தூசி வயிற்றில் இறங்கிவிட்டது என்றார்கள். எங்கள் பக்கம் எந்த நோவுக்கும் அதுதான் பேர். தூசிக்கு நல்லதென்று வருஷக்கணக்காகத் தினமும் கருப்பட்டி தின்பவள் நான். இன்னும் கூடுதலாகத் தின்றேன். வீக்கம் குறையவில்லை.

எட்டு வயது மகளுக்கு இனி யார் தலை பின்னுவார் என்று நினைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. மரத்துப்போயிருந்தேன்.

மாமியார் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். வயிற்று நோவுக்காரர்கள் கோயிலில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் மாவிளக்கு ஏற்றுவது எங்கள் வழக்கம். போனோம். படுத்ததும் மூச்சு முட்டியது. எழுந்தேன். மறுபடி படுத்தேன். முடியவில்லை. "ஆத்தா, ஒனக்கு ஒரு விளக்குப் போடக்கூட என்னால முடியலையே" என்று வாய்க்குள் சொன்னேன். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

பக்கத்தில் விளக்கேற்ற வந்திருந்தவர் ஒரு நர்ஸ். என் வயிற்றில் புடைத்திருந்த நரம்புகளைப் பார்த்துவிட்டார்.

"இது தூசி இல்லக்கா. ஈரல்ல என்னமோ அடைச்சிருக்கு. விளக்கப் பெறகு ஏத்திக்கிடலாம். இன்னைக்கே மதுரைக்குப் போங்க."

நேர்த்தியைப் பாதியில் விடலாமா என்று மாமியார் தயங்கினார். "ஆத்தா சொன்னதா வச்சுக்கிடுங்க" என்றார் நர்ஸ். கிளம்பினோம்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். நாய்க் குடலில் இருக்கும் ஒரு புழுவின் முட்டை எனக்குள் போய், ஈரலில் நீர்க்கட்டியாக வளர்ந்து, ரத்தம் வெளியேறும் குழாய்களை நெருக்கி அடைத்திருந்ததாம். நாயோடு பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். கம்பெனி நாய்க்குத் தினமும் ஒரு துண்டு கருப்பட்டி போட்டுத் தடவிக்கொடுப்பேன். அதே கையால் மீதியை நான் தின்பேன்.

சில வாரம் புழு மாத்திரை. பிறகு ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். ஒரு குழாய் அப்போதும் திறக்கவில்லை. சின்ன பலூன் ஒன்றை உள்ளே அனுப்பி விரித்துவிட்டார்கள். வயிற்று நீர் வற்றியது. பிழைத்துவிட்டாய் என்றார்கள். சரி என்றேன்.

அடுத்த ஆடியில் அதே இடத்தில் படுத்தேன். மூச்சு முட்டவில்லை. மகள்தான் விளக்கேற்றினாள். முதலில் மாவின் ஈரம், பிறகு சூடு.

"சுடுதாம்மா?" என்று கேட்டாள்.

சுட்டது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அழுதேன்.

இப்போதும் அதே கம்பெனிதான். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்பதில்லை. ஆத்தாளை நம்புகிறவர்களே, உங்கள் நோவை அவளிடம் சொல்லுங்கள். அவள் ஆள் அனுப்புவாள். அந்த ஆள் சொல்வதையும் கேளுங்கள்.