உளுத்தஞ்செடி வளைவு

போன ஞாயிற்றுக்கிழமை டீவியில் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவதாக வந்தவருக்கு அபராதம் போட்டுவிட்டார்கள். என்ன குற்றம்? யாரையாவது இடித்தாரா? இல்லை. குடித்திருந்தாரா? அதுவும் இல்லை. வளைவில் திரும்பும்போது நாலு சக்கரமும் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டன. எச்சரித்தார்களாம், மறுபடியும் தாண்டினாராம். பல கோணங்களில் கேமரா வைத்துப் பார்த்து, ஜெயித்தவரை ஜெயிக்காதவர் ஆக்கிவிட்டார்கள்.

நான் நெகிழ்ந்துபோனேன். இதுவல்லவா ஒழுங்கு என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கோட்டத் தாண்டுனதுக்கா இவ்ளோ பஞ்சாயத்து?" என்றாள். "அந்தாள நம்ம பாகூர் ரோட்டுல நாலு நாளு ஓட்டச் சொல்லுங்க. கோடு எதுக்குப் போடறாங்கன்னே மறந்துடுவாரு."

இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கும் பொறுமைசாலிகளுக்குத் தெரியும் — ரேஸ் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, ஒரு பழைய ஸ்கூட்டர். பின்னால் மனைவி உட்கார்ந்தால்தான் அதற்கு பேலன்ஸ் வரும். ஆனாலும் மஞ்சள் கொடி என்றால் மெதுவாக, சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓட்டத் தெரியாதவனுக்கு விதிமுறை நன்றாகவே தெரியும். விமர்சகர்கள் உருவாவது இப்படித்தான்.

மறுநாள் மத்தியானம், பாகூரிலிருந்து கிருமாம்பாக்கத்துக்குக் கிளம்பினேன். வழியில் கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு வளைவு. எதிரில் வருவது யானையாக இருந்தாலும் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அங்கே போன மாதம் ஒரு பைக்காரர் விழுந்து கையை முறித்துக்கொண்டதால், வேகத்தைக் குறைக்க ஒரு இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்பு முழுக்க நகைக்கடை விளம்பரம். விழுகிறவர் தங்கத்தைப் பார்த்துக்கொண்டே விழலாம்.

காலையில் போனபோது அந்தத் தடுப்பு ரோட்டின் வலது பாதியில் இருந்தது. இப்போது இடது பாதியில் நின்றது.

தடுப்பை நகர்த்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றவன் கலியமூர்த்தி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனின் தம்பி. வலது பாதி முழுக்க உளுத்தஞ்செடி பரப்பியிருந்தது. அவன் மனைவி வளர்மதி நடுரோட்டில் குனிந்து, கழியால் செடியைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் உளுந்து அடிக்கத் தனியாகக் களம் எதற்கு? அரசாங்கம்தான் தார் போட்டு, கோடும் போட்டு, ஊர் நடுவில் நீளமாக ஒரு களம் கொடுத்திருக்கிறதே. செடியைப் பரப்பிவிட்டால் போதும். பஸ், கார், டிராக்டர் எல்லாம் ஏறி இறங்கும். காய்ந்த நெற்று வெடித்து உளுந்து உதிரும். அள்ளிக்கொள்ள வேண்டியதுதான்.

"தடுப்ப ஏண்டா நகத்துன?" என்றேன்.

"இடது பக்கம் அடிச்சி முடிச்சி ஓரமா குவிச்சாச்சிண்ணே. இனிமே எல்லாம் வலது பக்கம் ஏறி வரணும். இன்னா பண்றது, சொன்னா கேக்கறானுங்களா? ஓரமா ஒதுங்கி ஒதுங்கிப் போறானுங்க. அதான் இத்த இட்டாந்து இங்க வெச்சேன்."

ரேஸில், கோட்டைத் தாண்டினால் அபராதம். இங்கே கோட்டுக்குள் ஒழுங்காகப் போனால் அபராதம். உலகத்தில் எந்த ரேஸ் மைதானத்தை வடிவமைத்தவருக்கும், வண்டியின் பாதையை விளைச்சலுக்கு ஏற்ப அரைமணிக்கொருதரம் மாற்றும் யோசனை வந்திருக்காது.

"வண்டி ஏறினா உளுந்து உடையாதா?"

"செடி மெத்த மாதிரி கெடக்குதுல்ல. லாரி போனாக்கூட ஒண்ணும் ஆவாது. மழதான் ஆவாது." தெற்கே கையைக் காட்டினான். இருட்டிக்கொண்டு வந்தது.

அவன் சிரிக்கவில்லை. கார்த்திகை மழையில் அவன் நெல் முழுக்க மூழ்கிப்போனது எனக்குத் தெரியும். குத்தகை நிலம். தண்ணீர் வடிந்த சேற்றில் தெளித்த இந்த உளுந்துதான் வருஷத்துக்கும் மிச்சம். நெற்றோடு நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவார்.

"அண்ணே, நீதான் ரேஸ் பாக்கற ஆளாச்சே. அந்த முனையில நின்னு வர்ற வண்டிய கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு. இவ நடுவுல நின்னு பொரட்டறா."

தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து நீட்டினான்.

வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் வளைவின் முனைக்குப் போய் நின்றேன். ஒரு டிராக்டர் வந்தது. துண்டை ஆட்டினேன். டிரைவர் மெதுவாக்கி, "இன்னாண்ணே, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு பைக்காரர் நின்று, லிஃப்ட் வேண்டுமா என்று கேட்டார். ஆனாலும் மெதுவாக்கினார்களா இல்லையா? கடமை நடந்தது.

அப்புறம்தான் பாகூர் பக்கமிருந்து அந்த இரண்டு பஸ்களும் வந்தன.

புதுச்சேரி போகும் பிரைவேட் பஸ்கள். ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. இரண்டுக்கும் நேரத் தகராறு. முன்னால் போகிற பஸ்ஸுக்குத்தான் வழியில் நிற்கிற ஆள் கிடைப்பார் என்பதால், எப்போதும் பந்தயம்தான். நான் துண்டைத் தலைக்கு மேல் தூக்கி, டீவியில் பார்த்த மாதிரியே அகலமாக வீசினேன்.

இரண்டு டிரைவர்களும் பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள்? கொடியையா? ரோட்டோரத்தில் ஒரு ஆள், அவசரமாகக் கை காட்டுகிறார்… பஸ்ஸுக்கு. டிக்கெட்.

இரண்டு பஸ்களும் வேகமெடுத்தன.

உலக ரேஸ் வரலாற்றில் சிவப்புக் கொடியைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்தவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். பச்சை பஸ் முந்தியது. காலையில் தடுப்பு வலது பக்கம் இருந்த ஞாபகத்தில், டிரைவர் இடது பக்கமே தைரியமாக வளைவுக்குள் நுழைந்தார். எதிரே நகைக்கடை. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். அங்கே உளுத்தஞ்செடி. அதன் நடுவே வளர்மதி.

டயர் செடிமேல் வழுக்கிக்கொண்டே போனது. ரேஸ் மைதானத்தில், சறுக்கும் காரைப் பிடித்து நிறுத்த ஓரத்தில் ஜல்லி கொட்டி வைப்பார்கள். எங்கள் ரோட்டோரத்திலும் ஜல்லி உண்டு. அது சறுக்கிவிடுவதற்காக.

பஸ் நின்றது. வளர்மதியின் கழி முன் சக்கரத்தின் அடியில் இரண்டாக முறிந்து கிடந்தது. வளர்மதி அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

டிரைவர் இறங்கினார். இளைஞர். பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ரோடு இன்னா உங்க வூட்டுக் களமா? செத்திருந்தா யாரு பதில் சொல்றது? பேரிகார்ட எவன்யா இங்க வெச்சான்?"

கலியமூர்த்தி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கை காட்டுனது யாரு? ஏறுவாருன்னு பாத்தா…" கண்டக்டர் என்னைத் தேடினார். துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் தெரியாது.

பின்னால் வந்த ஆரஞ்சு பஸ் நின்றது. அதன் கண்டக்டர் இறங்கி, தடுப்பை ஓரமாக இழுத்துப் போட்டு, ஏறி, விசில் அடித்தார். பஸ் இடது பக்கமாக எங்களைக் கடந்து போனது. ஜன்னல் வழியே ஒருத்தர் பச்சை பஸ்ஸுக்கு டாட்டா காட்டினார்.

முதல் தூறல் விழுந்தது.

வளர்மதி வானத்தைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். குனிந்து ஒரு பிடி செடியை அள்ளி உதறினாள். கொஞ்சம்தான் உதிர்ந்தது.

"தம்பி," என்றாள் டிரைவரிடம். "சண்டைய அப்பறம் போட்டுக்கலாம். வந்தது வந்துட்ட. அப்பிடியே ரிவர்ஸ் எடுத்து, இன்னும் ரெண்டு தபா ஏத்தி எறக்கு."

டிரைவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"டைம் போவுதுக்கா," என்றார் கண்டக்டர்.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "இன்னாத்த டைமு? அதான் ஆரஞ்சுக்காரன் பூட்டானே. பொம்பள மேல ஏத்தப் பாத்தல்ல, உளுந்து மேல ஏத்தத் தெரியாதா? எடுப்பா ரிவர்ஸு."

உள்ளே இன்னும் பல குரல்கள் சேர்ந்துகொண்டன. கண்டக்டர் பின்னால் போய், "வா… வா… ரைட்டுல ஒடி… வா…" என்று தட்டினார். அத்தனை பயணிகளோடும் அந்த பஸ் பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி போனது. அந்த டிரைவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கவனமாக ஓட்டியிருக்கமாட்டார். நெற்று வெடிக்கும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

நானும் செடியை உதறினேன், கூட்டினேன். தார்ப்பாய் மூடியபோது மழை வலுத்துவிட்டது. கடைசி இரண்டு கூடை நனைந்துபோனது. மற்றது தப்பித்தது. கலியமூர்த்தி தார்ப்பாய்மேல் உட்கார்ந்து, நனைந்துகொண்டே மனைவியைத் திட்ட ஆரம்பித்தான் — "ஒதுங்கத் தெரியாதா ஒனக்கு, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று. திட்டுகிறவன் அழுதால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதில் யாருக்கு அபராதம் போடுவது? தடுப்பை நகர்த்தியவனுக்கா, பந்தயம் விட்டவருக்கா, துண்டு வீசியவனுக்கா? எங்கள் ஊரில் கேமரா இல்லாதது எல்லோருக்குமே நல்லது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இந்த வாரம் முழுக்க அந்த வளைவில் பஸ்கள் மெதுவாகத்தான் போகின்றன. கரும்புக் கொல்லைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, டிரைவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எங்கள் பஸ்காரர்களுக்கு அடுத்தவர் உயிர்மேல் பயம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வளர்மதி நின்றால் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிடுவாளே!