பூச்சு இறுகும்வரை பெரியப்பா வரவில்லை

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது எல்லாரும் இடது கையைத் தட்டுக்கு மேலே குடை மாதிரி பிடித்துக்கொள்வோம். சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து விசைத்தறிக் குடோனுக்கும் ஒரே சுவர். அங்கே எட்டுத் தறி இரவும் பகலும் ஓடும். அந்த அதிர்வில் எங்கள் மேல்கூரையின் காரை உதிர்ந்துகொண்டே இருக்கும். அது விடுபடும் சத்தம் அப்பாவுக்கு மட்டும் முன்னாலேயே கேட்கும். "தலை" என்பார். நாங்கள் நகர்ந்துகொள்வோம். விருந்தாளிகளுக்கு இது தெரியாது. ஒருமுறை வெள்ளகோவில் பெரியப்பாவின் ரசத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு விழுந்தது.

அப்பா பூசாமல் இல்லை. மூன்று தடவை பூசினார். ஈரம் இறுகுவதற்குள் தறி குலுக்கிக் கீழே தள்ளிவிடும். ஐந்து மணி நேரம் ஆடாமல் இருந்தால் பிடித்துக்கொள்ளும் என்று உக்கடத்துக் கொத்தனார் சொன்னார். அவர் அப்பாவின் சிநேகிதர். நாங்கள் பாய் என்போம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தறி நிற்கும்தான். நல்ல நாளில் வீட்டைக் கொத்தக் கூடாது என்று அம்மா விடமாட்டாள். அப்பா தறிக்காரரிடம் போய்க் கேட்டார்.

"ஒரே ஒரு பகல் நிறுத்துனீங்கன்னா போதுமுங்க."

"ஆர்டர் கெடக்குதுங்க. வீதில சாவு உளுந்தா நிறுத்துவோம். எடுத்த பொறகு ஓட்டிருவோமுங்க."

அன்றிலிருந்து வீதியில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்பாதான் முதல் ஆளாகப் போவார். எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு மூச்சு வாங்கியபோது ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வரும்போது ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கி வந்தார். தாத்தா பிழைத்துக்கொண்டார். சிமெண்ட் மாடிப்படிக்கு அடியில் மூட்டை வடிவிலேயே கல்லாகிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் தாத்தாவுக்கு மறுபடி மூச்சு வாங்கியது. இன்னொரு மூட்டையும் கல்லானது. இரண்டையும் வாசலில் உட்காரப் போட்டுவிட்டோம்.

மூன்றாவது மூட்டை வாங்கிய வாரத்தில் அப்பாவே போய்விட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலி. நான் ஆறாம் வகுப்போடு நின்று, தறிக்கு நூல் சுற்றப் போனவள். எனக்குப் பத்தொன்பது வயசு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் முடிந்துவிட்டார்.

ஆறரை மணிக்குத் தறி நின்றது. எங்கள் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்பாவை வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். ஒன்பது மணிக்குப் பாய் மாலையோடு வந்தார். பக்கத்து ஊரில் வேலையிலிருந்தவர், கொத்துக்கரண்டிப் பையோடு அப்படியே வந்திருந்தார். மாலையைப் போட்டார், அழுதார். பிறகு தறிப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அம்மா பக்கத்தில் குனிந்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. எத்தன மணிக்கு எடுக்கறீங்க?"

அம்மாவுக்கு உடனே புரிந்தது. அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செஞ்சுபோடுங்க பாய்," என்றாள்.

பாய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பழைய காரையைக் கொத்த ஆரம்பித்தார். அந்தச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அம்மா குரலை உயர்த்தினாள். அழுகை உண்மையானதுதான். சத்தத்தில்தான் கொஞ்சம் கூடுதல். நான் பின்கதவு வழியாக உள்ளே போய்ச் சிமெண்ட் குழைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பாய் பூசி முடித்தார். ஐந்து மணிவரை அப்பா வாசலிலேயே இருந்தாக வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் முகம் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள். அதனால் பெரியப்பா சீக்கிரம் வந்துவிடக் கூடாது.

அம்மா என்னைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினாள். பன்னிரண்டரை பஸ்ஸிலேயே அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் பூசியிருக்குது?" என்றார்.

"நீங்க ரசம் சாப்பிட்ட பக்கமுங்க."

"எத்தன மணிக்கு வரோணும் சாமி?"

பேக்கரியில் உட்கார வைத்தேன். யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று வாய்விட்டு அழ முடியாமல், பன்னைக் கடித்துக் கடித்து அழுதார்.

மூன்று மணிக்குப் பந்தலில் எல்லாருக்கும் பொறுமை போய்விட்டது. கல் மூட்டைமேல் எதிர்வீட்டுத் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளகோயில்ல இருந்து நடந்து வர்றாராக்கு?" என்றார்.

இன்னொரு மூட்டைமேல் தறிக்காரர். கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார். ஒரு தடவை கடைப்பக்கம் போய்விட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, பேக்கரில உங்க பெரியப்பனாட்டவே ஒருத்தரு பன்னு தின்னுட்டு அழுதுட்டிருக்கறாருங்க."

இப்போதே அப்பாவை எடுத்துத் தறியை ஓட்டிவிட்டால் எல்லாம் கீழே வந்துவிடும்.

"அது வேற ஆளுங்க," என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். முடியெல்லாம் சிமெண்ட் தூசி. சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"அப்பிடிங்களா," என்று மறுபடி மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்குப் பெரியப்பா வந்தார். அடக்கிவைத்த அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. கூட்டமே மிரண்டு போனது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நானும் அம்மாவும் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. வீட்டைக் கழுவிவிட்டு, புதுப் பூச்சுக்குக் கீழே உட்கார்ந்தோம். ஆறு மணிக்குத் தறிக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"ஓட்டலாமுங்களா?"

அம்மா மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக எழுந்தன. தரை அதிர்ந்தது. சுவரில் கை வைத்தேன், அதிர்ந்தது. மேல்கூரை அப்படியே இருந்தது. ஒரு மணல்கூட விழவில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்த சோற்றைப் பிசைந்தோம். இரண்டு பேர் இடது கையும் தட்டுக்கு மேலே இருந்தது.

ஏதாவது கொஞ்சம் விழட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் நன்றாகப் பூசியிருந்தார்.