மாசி என்றால் மரியாதை

அவன் எனக்கு அண்ணன் என்று தெரிவதற்கு முன்பே அவன்மேல் ஆசை வந்துவிட்டது. தெரிந்ததும் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது அம்மா ஒரு போன் நம்பர் கொடுத்தாள். "பவானிபூர்ல நம்ம சொந்தக்காரப் பையன் இருக்கான். தாய் இல்லாத பிள்ளை. ஏதாச்சும்னா கேளு." என்ன சொந்தம் என்று கேட்டால், "சொந்தம்னா சொந்தம்தாம்ட்டி" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

அவன் அப்பா வங்காளி. அவன் பேசும் தமிழ் இருக்கிறதே, கடவுளே! "மழை விழுறாங்க" என்பான். பெஹாலாவில் எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தான். ஞாயிறுதோறும் கச்சோரி வாங்கித் தந்தான். என் அம்மாவை மாசி என்பான். தாயின் உடன்பிறந்தாளுக்கு அங்கே அதுதான் பெயர். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி, காய்கறிக்காரி எல்லோருமே அந்த ஊரில் மாசிதான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மெட்ரோ நெரிசலில் என் கையைப் பிடித்தவன் இறங்கிய பிறகும் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த ஞாயிறுகள் எவ்வளவு நன்றாக இருந்தன!

பூஜை விடுமுறைக்கு அம்மா வந்தாள். தன் காலைத் தொட்டு எழுந்தவனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க அக்கா மொகம் அப்படியே இருக்கேய்யா" என்று அழுதாள். கூடப்பிறந்த அக்கா. வங்காளியைக் கட்டிக்கொண்டதற்காகத் தாத்தா தலைமுழுகிய அக்கா. அப்படியொரு பெரியம்மா இருந்ததே எனக்குத் தெரியாது.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"அதான் இப்ப சொல்லிட்டேன்லா. உனக்கு ஒரு அண்ணன் இல்லையேன்னு எம்புட்டு ஏங்கியிருப்பேன்!"

மாடிப்படியில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நீ மாசி பொண்ணு, எனக்குத் தெரியும். தமிழ்ல கஸின் கல்யாணம் உண்டுதானே?"

"அத்தை பிள்ளை, மாமா பிள்ளையோடதான், லூசு. பெரியம்மா பிள்ளை அண்ணன்."

"எல்லாம் கஸின்தானே? என்ன வித்தியாசம்?"

அவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அதற்கும் இனி வழியில்லை.

மறு வருஷம் திருநெல்வேலியில் எனக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் கையில் அவள் உடன்பிறந்தான் பொரி போட, அதை அவள் தீயில் இட வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. அம்மா பெருமை பொங்க அவனைத்தான் மணவறைக்குக் கூப்பிட்டாள்.

ஏந்திய என் கைகளுக்கு அடியில் மாப்பிள்ளையின் கைகள் இருந்தன. "அண்ணன்காரர் ஒரு பிடி போடுங்கோ" என்றார் ஐயர். அவன் போட்டான். திரும்ப அள்ளிப் போட்டான். கை நிறைந்து பொரி கீழே கொட்டியது. "போதும் தம்பி, போதும்" என்று அவர் சொல்லியும் போட்டுக்கொண்டே இருந்தான்.